ஒரு புளொப்பிக்குள் அடங்கியவர்கள்

கலியாணம் பேசுவதற்காக மென்பொருள் தேடி அலைந்த ஆள் அந்தக் காலத்து மட்டக்களப்பில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். தொண்ணூறுகளின் பின்பாதி. பட்டணத்தில் ஓர் உதவி நிறுவனத்தின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். வீடு தன்னாமுனையில். வீட்டில் நானும் அண்ணனும் மட்டும்.

என் கணவர் வாவியில் வலை வீசப் போனவர். ஒரு விடியற்காலையில் எங்கிருந்தோ வந்த சூட்டில் தோணிக்குள்ளேயே கிடந்தார். சுட்டது யார் என்று கேட்பதற்கு ஓரிடம் இருக்கவில்லை. எனக்கு அப்போது முப்பது வயதும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. காலையில் பஸ்சுக்குப் போகும்போது எதிரே வருகிறவர்கள் என்னைக் கண்டதும் திரும்பி வீட்டுக்குப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவார்கள். அதை எனக்குத் தெரியாமல் செய்யவேண்டும் என்ற எண்ணம்கூட அவர்களுக்கு இருந்ததில்லை.

அப்படிப்பட்ட ஒருத்தி கலியாணத் தரகுக்கு வந்தது அண்ணனால். அவர் கணக்கு எழுதிய நெல் ஆலை எரிந்துபோன பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சம்பந்தம் பேசத் தொடங்கினார். அவருக்குப் பேச்சு வரும், பஞ்சாங்கம் வராது. எனக்குச் சிறு வயதிலிருந்தே பொருத்தம் பார்க்க வரும். அவர் சாதகங்களைக் கொண்டுவந்து தருவார். நான் உள்ளறையில் இருந்து பார்த்துச் சொல்வேன். தாலியறுத்தவள் கைபட்ட சாதகம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருந்துகொண்டார்கள். அவர்களுக்கு அவசரம். தாலி ஏறிய பிள்ளையை இயக்கம் போராட்டத்துக்குக் கேட்காது என்றும், குடும்பக்காரனை ஆமி அதிகம் தொடாது என்றும் ஒரு நம்பிக்கை ஊர்களில் இருந்தது. பதினெட்டு முடியாத பெண்பிள்ளைகளின் சாதகங்களெல்லாம் வந்தன. தாய்மார் கேட்ட முதல் கேள்வி மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றியதல்ல.

"கெதியா முடியுமோ தம்பி?" என்றுதான் அண்ணனிடம் கேட்பார்கள்.

சாதகங்கள் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தன. ஒரு மாரியில் கூரை ஒழுகி, பாதி ஊறிப்போயிற்று. அன்றைக்குத்தான் இவற்றைக் கணினியில் போட்டால் என்ன என்று நினைத்தேன்.

வீட்டில் கணினி இல்லை. அலுவலகத்தில் வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம் பாவிக்கலாம். அதனால் எனக்கு வேண்டியது, அலுவலகக் கணினிக்குள் எதையும் விட்டுவைக்காமல், சட்டைப் பைக்குள் அடங்கும் புளொப்பித் தகட்டிலிருந்தே ஓடி, புளொப்பியோடேயே வீட்டுக்கு வந்துவிடும் ஒரு தரவுத்தளம். இதை முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் கணினி திருத்தும், நானா என்று நான் கூப்பிடும் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அலுவலகக் கணினி பழுதானால் அவர்தான் வருவார்.

"என்னத்தப் போட்டு வெக்கப் போறீங்க தங்கச்சி?" என்றார்.

"ஆக்கள்ற விபரம், நானா. தேடினா டக்கெண்டு எடுக்கணும்."

அவர் மூன்று தந்தார். முதலாவது எல்லோரும் புகழ்கிற பெரிய மென்பொருள். நானா அதை யானை என்றார். எங்கள் கணினி அதைத் திறப்பதற்குள் நான் ஒரு தேத்தண்ணீர் குடித்து முடித்துவிடலாம். பத்துச் சாதகங்களைப் பதிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. திரும்ப வந்தபோது கோப்பு திறக்கவே மறுத்தது. இரண்டாவது கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட்டுகிற பழைய வகை. மிக இலேசு, மிக வேகம். ஆனால் தமிழ் வராது. ஊர்ப் பெயர்களையும் குடிப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் அடித்தால் லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாகிவிடும். எங்கள் பக்கம் தாய்வழிக் குடி பார்த்துத்தான் கலியாணம். ஒரே குடிக்குள் கட்டினால் அண்ணன் தங்கையைக் கட்டியதுபோல. அதில் எழுத்து மாறக்கூடாது.

மூன்றாவதை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் தன் சொந்தப் பாவனைக்காக எழுதி இலவசமாக விட்டிருந்தான். மாதிரிக்கென்று அவனுடைய இசைத்தட்டுகளின் பட்டியலும் அதற்குள் இருந்தது. ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. ஒவ்வோர் அட்டையும் எழுதி முடித்ததும் தானாகவே பதிவாகிவிடும். கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த அட்டை மட்டும்தான் போகும். முழுவதும் ஒரு புளொப்பிக்குள் அடங்கி இடமும் மிஞ்சியது. பாடகர் பெயர் இருந்த இடத்தில் குடியையும், வெளியான வருடம் இருந்த இடத்தில் பிறந்த வருடத்தையும் போட்டுக்கொண்டேன்.

"ஒண்டு மட்டும் சொல்றன் தங்கச்சி," என்றார் நானா. "தமிழ் எழுத்து உங்கட ஒபிஸ் கொம்பியூட்டர்லதான் இரிக்கி. இந்தப் புளொப்பிய வேற எங்கயும் போட்டா வெறும் கிறுக்கலாத்தான் தெரியும்."

எனக்கு அது நல்லதாகவே பட்டது. கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகளின் விபரம். கண்டவனும் வாசிக்காமல் இருந்தால் நல்லதுதானே.

பெயர், ஆணா பெண்ணா, தாயின் பெயர், குடி, ஊர், வயது, நட்சத்திரம், படிப்பு, வேலை. அதன் கீழே சாதகக் கட்டம் பன்னிரண்டு எண்களாக. கொஞ்ச நாளில் புளொப்பி நிறையத் தொடங்கியது. சில வேளைகளில் அட்டைகளை அழிக்கவும் வேண்டியிருந்தது. கலியாணம் ஒப்பேறினால் அழிப்பேன். மற்றக் காரணங்களுக்காக அழித்ததுதான் அதிகம். ஒருமுறை ஏறாவூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி வந்தாள். அவளுடைய மகன் பஸ்சிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் அவனுடைய அட்டையை எடுத்துவிட்டேனோ என்று விசாரிக்க வந்திருந்தாள்.

"அழிச்சிப்போடாத புள்ள. வயச மட்டும் கூட்டிக்கூட்டி வெச்சிரு. வந்தா கேப்பான்தானே, எனக்கு ஒண்டும் பாக்கல்லயா எண்டு."

பிறந்த வருடத்தைக் கொண்டு மென்பொருள் வயதைத் தானாகவே கூட்டிக்கொள்ளும். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. ஓம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அந்தப் புளொப்பி கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியபோது, நானாவிடம் கொடுத்து வேறொன்றில் பிரதி எடுத்துக்கொண்டு வரும்படி அண்ணனிடம் கொடுத்தேன். அண்ணன் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார். அன்று காலை எங்கோ கண்ணிவெடி வெடித்திருந்தது. கல்லடிப் பாலத்துச் சென்றியில், ஆமியின் காவலரணில், எல்லோரையும் இறக்கி உடம்பு தடவிப் பார்த்தார்கள். தமிழன், காத்தான்குடிக்குப் போகிறான், பையில் புளொப்பி. வேறு காரணம் தேவைப்படவில்லை.

பின்னேரம் எனக்குச் செய்தி வந்தது. அவரை எந்த முகாமுக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. விடிந்ததும் வாசலில் போய் நின்றேன். வெயில் ஏறும்வரை யாரும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு ஆமியோடு சேர்ந்து வேலை செய்த ஒரு தமிழன், மொழிபெயர்க்கிறவன், வெளியே வந்தான்.

"உன்ட அண்ணன்ட புளொப்பிக்குள்ள கள்ளப் பாஷை கிடக்கு. இலக்கம் இலக்கமாக் கிடக்கு. எந்த மேப்புக்குரியது எண்டு கேட்டா, கலியாணம் கலியாணம் எண்டு உளறுறான்."

"ஐயோ, அது மெய்தான். அது தமிழ்தான். எழுத்து இல்லாததாலதான் அப்படித் தெரியிது. எழுத்த நான் கொண்டுவந்து போட்டுக் காட்டுறன்."

"எழுத்த எங்கயிருந்து கொண்டு வருவாய்?" என்று கேட்டுச் சிரித்தான்.

நான் ஓடினேன். அலுவலகக் கணினியிலிருந்து தமிழ் எழுத்துருவை இன்னொரு புளொப்பியில் பிரதி எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தேன். இந்த முறை உள்ளே விட்டார்கள்.

சுத்தமான அறை. மேசையில் கணினி, அதன்முன் ஓர் இளம் சிப்பாய், பக்கத்தில் ஆங்கிலம் நன்றாகப் பேசும் ஓர் அதிகாரி. மூலையில் அண்ணன் நிலத்தில் இருந்தார். ஒரு கண் மூடிப்போயிருந்தது. இரண்டு கைகளையும் மடியில் வைத்து, பிறருடைய பொருளைப் பார்ப்பதுபோல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நான் வந்தது அவருக்குத் தெரிந்தது, நிமிரவில்லை.

திரையில் என் அட்டை ஒன்று திறந்திருந்தது. கோமாளி எழுத்துகள். புள்ளி, கேள்விக்குறி, தலைகீழான ஆங்கிலம். சாதகக் கட்டங்களின் எண்களை அச்சடித்து, வரைபடம் ஒன்றின் மேல் சிவப்பு மையால் குறித்துப் பார்த்திருந்தார்கள். ஏதோ ஒரு பெண்பிள்ளையின் செவ்வாய், வாகரைப் பக்கத்துக் காடு ஒன்றில் வட்டம் போடப்பட்டிருந்தது.

எழுத்துருவை ஏற்றினேன். திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு தமிழ் வந்தது. மொழிபெயர்க்கிறவன் குனிந்து வாசித்தான். பெயர். தாயின் பெயர். ஊர். உத்தரம் நட்சத்திரம். சாதாரண தரப் பரீட்சை சித்தி. தையல் தெரியும்.

அதிகாரி எண்களைக் காட்டி இது என்ன என்று கேட்டார். கிரகங்கள் நிற்கும் வீடுகள் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அவருடைய ஊரிலும் சாதகம் பார்க்காமல் கலியாணம் இல்லை. தன் தங்கைக்கும் ஏழில் செவ்வாய் என்றும், வரன் வந்து வந்து போகிறது என்றும் சொன்னார். ஏழில் செவ்வாய்க்கு ஏதும் பரிகாரம் உண்டா என்றுகூட என்னிடம் கேட்டார். முடிந்தது, அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். சிப்பாயிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எனக்குக் கொடுத்தார்.

நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் இதில் இருப்பவர்கள் எல்லோரும் கலியாணம் ஆகாதவர்கள்?"

"ஓம் சேர்."

"எல்லோருக்கும் ஊர் போட்டிருக்கிறது? வயது போட்டிருக்கிறது?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சிப்பாயிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பையன் கெட்டிக்காரன், தமிழை மொழிபெயர்க்கிறவன் வாசித்துக் கொடுத்தான். மென்பொருள் இலகுவானது, யாரும் சொல்லித்தராமலே பழகலாம். அதற்காகவும்தான் நான் அதைத் தெரிவு செய்திருந்தேன். ஆண்கள், பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடையில், ஊர் வாரியாக. நான் ஒரு மாப்பிள்ளையைத் தேடி எடுப்பதைவிட வேகமாக அவன் எடுத்தான். வேலை இல்லை என்று எழுதியிருந்தவர்களைத் தனியாகப் பிரித்தான். அச்சுப்பொறி கத்தத் தொடங்கியது. ஓரத்தில் ஓட்டை போட்ட தாள் நீண்டு நீண்டு நிலத்தில் மடிந்து விழுந்தது. அண்ணன் அப்போதுதான் தலை நிமிர்ந்து அந்தத் தாளைப் பார்த்தார்.

மறுநாள் அண்ணனை விட்டார்கள். புளொப்பியையும் அதிகாரி தன் கையாலேயே தந்தார்.

"நல்ல சிறிய மென்பொருள். விபரங்களைத் தவறாமல் புதுப்பித்து வையுங்கள். மாதம் ஒருமுறை இங்கே கொண்டுவாருங்கள்," என்றார். மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. மேலதிகாரி ஒருவர் நல்ல வேலை செய்த எழுத்தரிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

முகாமிலிருந்து நேரே நானாவிடம் போனோம். அண்ணனால் சைக்கிள் கைபிடியைப் பிடிக்க முடியாது. நான் உருட்டிக்கொண்டு போனேன். புளொப்பியில் ஒன்றும் மிஞ்சாமல் அழித்துத் தரும்படி நானாவிடம் கேட்டேன். அவர் அண்ணனின் விரல்களைப் பார்த்தார். அழித்து, மேலே வேறெதையோ எழுதி, மறுபடி அழித்து, கடைசியில் உறையைப் பிரித்து உள்ளே இருந்த தகட்டைக் கத்தரிக்கோலால் வெட்டினார்.

"எங்கட ஊர்லயும் பேர் வாசிச்சுக் கூப்பிட்டவங்க இரிக்காங்க தங்கச்சி," என்றார். "போனவன் ஒருத்தனும் வரல்ல. ஆக்களிட்ட முன்னுக்குப் போய்ச் சொல்லுங்க."

சொல்லப் போனோம். பட்டியலில் இருந்தவர்களின் வீடு வீடாக. அண்ணன் துணி சுற்றிய கைகளோடு முன்னால் நடப்பார். வீட்டுக்காரர் முதலில் வரன் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்துப் பாய் எடுத்துப் போடுவார்கள். பிறகு நாங்கள் விசயத்தைச் சொல்லுவோம். சிலர் பிள்ளையின் உடுப்புகளை மடிக்கத் தொடங்கிவிடுவார்கள். கொழும்புக்கு அனுப்பினார்கள், மத்திய கிழக்குக்கு அனுப்பினார்கள். ஒரு வீட்டில் என் முகத்திலேயே கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் தகப்பன் அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

"அவள்ற கையில குடுக்கக்கொள்ளயே எனக்குத் தெரியும். புருசனத் திண்டவள், இனி ஊருப் பொடியன்மார எல்லாம் திண்டுதான் ஆறுவாள்."

அண்ணன் என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். ரோட்டுக்கு வந்த பிறகு, "அடுத்த வீட்டுக்குப் போவம்," என்றார்.

ஒரு வீட்டில் அந்தப் பொடியனே எங்களோடு பேசினான். இருபத்திநாலு வயது. வாட்டசாட்டமானவன். வெட்கத்தோடு சிரிப்பான். அவனுக்கு ஒரு பெண்ணின் சாதகம் மிக நன்றாகப் பொருந்தி, பெண் வீட்டில் ஏனோ பேச்சு நின்றுபோயிருந்தது. கொஞ்ச நாளைக்கு எங்கேயாவது போய் இரு தம்பி என்று அண்ணன் கெஞ்சினார்.

"வட்டைக்குள்ள வேளாண்மை விளைஞ்சி கிடக்கு அண்ணன். வெட்டி ஏத்திப்போட்டுப் போறன். நான் ஒரு குற்றமும் செய்யல்லயே."

அவன் வயலில் நெல்லை வெட்டி முடிப்பதற்குள் ஆமியின் சுற்றிவளைப்பு வந்தது. ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட வெளியில் இருத்தி, ஓரத்தில் ஓட்டை போட்ட தாளை விரித்துப் பெயர் வாசித்தார்கள். தமிழை எழுத்துக்கூட்டி வாசித்த சிப்பாய் பெயரைச் சொல்லி, தாயின் பெயரைச் சொல்லி, குடிப் பெயரையும் தகப்பன் பெயர் என்று நினைத்துச் சேர்த்து வாசித்தானாம். ஆமியின் எந்தப் பதிவிலும் குடி இருக்காது. அது எங்கிருந்து வந்த பட்டியல் என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. சிலரைக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் அடி உதையோடு திரும்பினார்கள். வட்டையில் வெட்டிக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை.

அவனுடைய தாய் எங்கள் வளவுக்கு வந்தாள். கத்தவில்லை. வாசலில் நின்று, குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி வீட்டை நோக்கி எறிந்தாள். மறுபடி அள்ளினாள். கை ஓயும்வரை எறிந்தாள். அயலார் வேலியில் நின்று பார்த்தார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. மண் படிந்த தலைமுடியோடு அவள் போன பிறகு அண்ணன் விளக்குமாற்றை எடுத்தார். விரல்கள் மடங்காததால் அது நழுவி விழுந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது அழுகையல்ல, கோபம். பெயர் வாசித்தவனின் வாசலில் மண் எறிய அந்த ஊரில் எவருக்கும் முடியாது. என் வாசலுக்கு எவரும் வரலாம்.

மாதம் ஒருமுறை கொண்டுவரச் சொன்ன அதிகாரி அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கேட்கவில்லை. அந்தப் பயம் தீர்ந்தது என்று நாங்கள் மூச்சு விடும்போது வாவியின் மறுகரையிலிருந்து, தன் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையிலிருந்து, இயக்கம் ஆள் அனுப்பியது. இரண்டு பேரும் வரவேண்டும்.

தோணியில் ஏறிப் போனோம். ஓடு போட்ட ஒரு வீடு. விசாரணைப் பொறுப்பாளர் என்று சொல்லப்பட்டவருக்கு என்னைவிட வயது குறைவு. மேசையில் அவர்களிடமும் ஒரு கணினி இருந்தது. வெளியே ஜெனரேட்டர் ஓடியது.

"ஆமிக்குப் பட்டியல் குடுத்தனீங்க," என்றார்.

அண்ணன் கைகளை நீட்டிக் காட்டினார். அவர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவனுக்குக் குடுத்தத எங்களுக்கும் தாங்க. எந்த வீட்டில எத்தின பிள்ளையள், ஆருக்கு என்ன வயசு. பொம்பிளப் பிள்ளையள்ற விபரமும் வேணும்."

"அழிச்சாச்சி தம்பி. தகட்டையே வெட்டிப்போட்டம்."

"கொம்பியூட்டர்ல அழிச்சிருப்பீங்க. உங்கட மூளைக்குள்ள இரிக்கிதானே. போய் எழுதிக்கொண்டு வாங்க. அண்ணன் இஞ்ச நிக்கட்டும்."

நான் தனியாகத் தோணியில் திரும்பி வந்தேன்.

அவர் சொன்னது உண்மை. எல்லாம் மூளைக்குள் இருந்தது. கண்ணை மூடினால் அட்டை அட்டையாக வந்தது. பெயர், தாய், குடி, ஊர். என் தலையைவிட இலேசான தரவுத்தளம் வேறு இல்லை. அதை அழிக்கத்தான் வழி தெரியவில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து எழுதினேன். செத்துப்போனவர்களை எழுதினேன். காணாமல் போனவர்களை, கப்பலேறியவர்களை, கலியாணம் கட்டி வேறு ஊருக்குப் போனவர்களை, ஏற்கெனவே இயக்கத்துக்குப் போய்விட்டவர்களை எழுதினேன். பக்கங்கள் நிறைந்தன. அப்படி நிறையும் என்று நான் நினைத்திருக்கவில்லை. மகனின் வயதைக் கூட்டி வைக்கச் சொன்ன அந்தத் தாயின் மகனையும் எழுதினேன்.

பொறுப்பாளர் அதை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்தின் பாதியில் விரல் நின்றது.

"இவர் எங்கட போராளி. வீரச்சாவு," என்றார். இன்னும் கொஞ்சம் கீழே போனார். "இவரும்."

எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். காது அடைத்து, ஜெனரேட்டர் சத்தம்கூடக் கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

"செத்தவங்களக் காட்டி உயிரோட இரிக்கிறவங்கள ஒளிக்கிறயோ? உன்ட அண்ணன் பங்கர் வெட்டட்டும். நீ நடந்துபோ."

தோணி வரும்வரை வாசலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் என்னை இருத்தினார்கள். காவலுக்கு நின்றது ஒரு பெண்பிள்ளை. தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். துவக்கைச் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போய் பால் இல்லாத ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து தந்தாள். குரலைக் கேட்ட பிறகுதான் அடையாளம் தெரிந்தது. அவளுடைய தாய் சாதகம் தந்திருந்தாள். அப்போது அவள் டியூசனுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். வேளாண்மை வெட்ட நின்றதால் அகப்பட்டவனுக்குப் பொருந்தியிருந்த சாதகம் அவளுடையது. பெண் வீட்டில் பேச்சு நின்றது ஏன் என்று அந்த மரத்தடியில்தான் எனக்குத் தெரிந்தது. டியூசன் வகுப்பிலிருந்து வரும் வழியில் இயக்கம் அவளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. தாய் வெளியே சொல்லப் பயந்திருக்கிறாள்.

அவள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டாள்.

"அக்கா, எனக்கு ஒரு இடம் பாத்தயள்தானே. அது எப்படி வந்திச்சி? பொருந்திச்சா?"

தேத்தண்ணீர்க் கோப்பையை நிலத்தில் வைத்தேன்.

"இல்லம்மா. பொருந்தல்ல," என்றேன்.

"அப்ப நல்லம்," என்றாள். துவக்கை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். தோணி வரும்வரை என் பக்கம் அவள் திரும்பவில்லை.

அண்ணன் மாரி முடியும் தறுவாயில் வந்தார். யாரோ தோணியில் கொண்டுவந்து கரையில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எலும்பும் தோலும். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தேத்தண்ணீர்க் கடையில் இருந்தவர்கள் அவரைக் கண்டார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஆள் பிடித்துக் கொடுத்தவன் என்ற பெயர் அதற்குள் அவருக்கு நிலைத்திருந்தது. ஒரு ஓட்டோக்காரன்தான், எங்களைத் தெரியாத வெளியூர்க்காரன், அவரை ஏற்றிக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். வார்டு நிறைந்து, கட்டிலுக்குக் கீழேயும் ஆட்கள் கிடந்தார்கள். அண்ணனுக்கு நினைவு வந்து வந்து போயிற்று. நினைவு வந்த வேளைகளில் சம்பந்தம் பேசினார். எந்த வீட்டு வாசலில் நிற்பதாக நினைத்தாரோ தெரியாது. "நல்ல குடும்பம், வீடு வளவு இரிக்கி, பிள்ள தங்கம்," என்று கூரையைப் பார்த்துச் சொல்லுவார். பக்கத்துக் கட்டில்காரர் எரிச்சலோடு திரும்பிப் படுப்பார். மூன்றாம் நாள் பேச்சு நின்றது. அன்று பின்னேரம் உயிரும் போயிற்று.

எங்களால் கலியாணம் ஒப்பேறிய வீடுகள் எத்தனையோ இருந்தன. சாவுக்கு அவர்களில் ஒருவரும் வரவில்லை. நானா காத்தான்குடியிலிருந்து வந்து, வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தூக்கிக்கொண்டு போக ஆள் போதாமல் அலுவலகத்துச் சாரதியும் காவலாளியும் தோள் கொடுத்தார்கள்.

அண்ணனின் முப்பத்தோராம் நாள் செலவுச் சடங்குக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்சமாகச் சமைத்துப் படைத்துவிட்டு, கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின் ஒழுங்கையில் குடியிருக்கும் ஒரு பெண், முன்வாசலால் வராமல், கிணற்றுப் பக்கத்து வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தாள். சாவு வீட்டுக்கு வராததற்குச் சமாதானம் சொல்லவில்லை. நான் கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்:

"மூத்தவளுக்குப் பதினேழு முடிஞ்சிற்றுகா. வீட்டுக்கொரு ஆள் வேணுமெண்டு ரெண்டு தரம் வந்திற்றானுகள். ஒரு இடம் வந்திரிக்கி. பொருந்துமா எண்டு நீதான் பாத்துச் சொல்லணும்."

சாதகத் தாள் அவளுடைய இடுப்பில் சொருகியிருந்தது. எடுத்து நீட்டினாள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"தாள் வேணாம். பேரும் சொல்லாதங்க, ஊரும் சொல்லாதங்க. ரெண்டு நட்சத்திரத்த மட்டும் சொல்லுங்க."

அவள் சொன்னாள். சாம்பல் படிந்த விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தேன்.

"பொருந்துது. செய்யலாம்," என்றேன்.

அவள் தாளை மறுபடி இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று முதலில் எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியாலேயே போனாள்.